ஊழிய அழைப்பும் கீழ்ப்படிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூடுகைகளிலும் கன்வென்ஷன் முடிந்த மறுவாரத்திலும் போதகர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பில் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அழைப்பு என்றாலே முழுநேர ஊழியம்தானா?

இல்லை. ரோமர் 1:6-இல் பவுல் "அழைக்கப்பட்டவர்கள்" என்று சொல்வது ரோமாபுரிச் சபையார் எல்லாரையும்தான். 1 கொரிந்தியர் 7:20-இல், அவரவர் தாம் அழைக்கப்பட்ட நிலைமையிலேயே நிலைத்திருக்கலாம் என்று அடிமைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறார். "முழுநேர ஊழியம்" என்ற சொல் வேதத்தில் எங்கும் கிடையாது. வங்கியில் வேலை பார்ப்பவர் பாதிநேரக் கிறிஸ்தவர் ஆகிவிட மாட்டார்.

அதே சமயம், ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று சிலரைப் பிரித்தெடுக்கும் அழைப்பும் உண்டு. அப்போஸ்தலர் 13:2-இல் பர்னபாவுக்கும் சவுலுக்கும் (பவுலின் இன்னொரு பெயர்) வந்தது அது. கத்தோலிக்கர் இறையழைத்தல் என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை.

எனக்கு அப்படி ஓர் அழைப்பு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1 சாமுவேல் 3-ஐ மெதுவாகப் படியுங்கள். கர்த்தர் கூப்பிடுகிறார், பையன் சாமுவேல் மூன்று முறையும் ஏலியிடம் ஓடுகிறான். குரல் கேட்கிறது, ஆனால் யாருடைய குரல் என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், கண் மங்கிய, வீட்டைச் சரியாக நடத்தத் தெரியாத ஒரு வயதான ஆசாரியன். சாமுவேலுக்கே தன் அழைப்பை அடையாளம் காண இன்னொருவர் வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு, தனி அறையில் உட்கார்ந்து தானே முடிவுகட்டுவதில்தான் பாதிப் பிழைகள் தொடங்குகின்றன.

அப்போஸ்தலர் 16:9, 10-இலும் இதுவேதான். மக்கெதோனியன் நின்று கூப்பிட்ட தரிசனத்தைக் கண்டது பவுல் ஒருவர். ஆனால், கர்த்தர் எங்களை அழைத்தார் என்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்றுதான் லூக்கா எழுதுகிறார். தரிசனம் ஒருவருக்கு வந்தது, நிச்சயம் கூட்டமாக எடுக்கப்பட்டது.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை நான்கு. உள்ளே தணியாத பாரம், அதுவும் கூட்டம் முடிந்து பல மாதம் ஆன பிறகும். அந்த வேலைக்குத் தேவையான வரம். உங்களை நெருக்கமாக அறிந்தவர்களின் ஒப்புதல். கடைசியாக, போவதற்கு ஒரு வழி. நான்கில் கடைசியானது தாமதமாகத் திறக்கலாம். மூன்றாவது இல்லாமல் கிளம்புவதுதான் ஆபத்து.

எண்ணம் வந்த தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, எந்த வேலைக்கு அழைப்பு என்று நினைக்கிறீர்களோ அதையே சிறிய அளவில் செய்யுங்கள். பிரசங்க ஊழியம் என்றால் ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை வருடம் முழுக்க எடுங்கள், விடுமுறை போடாமல். மிஷனரிப் பணி என்றால் மாதம் இரண்டு சனிக்கிழமை கிராம ஊழியத்துக்குப் போங்கள். மருத்துவமனைச் சந்திப்பு என்றால் வாரம் ஒரு வார்டு. பர்னபாவும் சவுலும் பிரித்து அனுப்பப்படுமுன் அந்தியோகியா சபையில் ஒரு வருஷகாலம் போதித்துக்கொண்டிருந்தவர்கள் (அப்போஸ்தலர் 11:26). பத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் பொறுமை இல்லாதவருக்குப் பத்தாயிரம் பேர் மேடையில் அது திடீரென்று வந்துவிடாது.

கன்வென்ஷனில் கை உயர்த்தி அர்ப்பணித்தேன். இப்போது அந்த உணர்வே இல்லை. தேவனை ஏமாற்றிவிட்டேனா?

பாட்டு, கூட்டம், இரவு பத்து மணி, முழங்காலில் நிற்கும் நண்பர்கள்: இவ்வளவும் சேர்ந்து எழுப்பும் உணர்வு மறுநாள் இறங்கத்தான் செய்யும். உணர்வு இறங்கியது அழைப்பு பொய் என்பதற்கும் சாட்சியல்ல, கை உயர்ந்தது மெய் என்பதற்கும் சாட்சியல்ல. மேலே சொன்ன சோதனைக் காலம் இதற்காகத்தான்.

சாமுவேல் கதையில் பலர் தாண்டிப்போகும் வசனம் 3:15. கர்த்தர் பேசி முடித்த இரவுக்குப் பின் அவன் விடியுமட்டும் படுத்திருந்து, எழுந்து, ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அது அவன் வழக்கமான வேலை. பயமும் இருந்தது, கேட்டதை ஏலியிடம் சொல்ல. தரிசனத்துக்கு மறுநாள் காலையிலும் கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

ஓர் ஊழியர் என் தலையில் கைவைத்து, "உன்னைத் தேவன் ஊழியத்துக்கு அழைக்கிறார், வேலையை ராஜினாமா செய்" என்று தீர்க்கதரிசனமாகச் சொன்னார். கீழ்ப்படிய வேண்டாமா?

1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரம் இதற்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷன் பெத்தேலில் யெரொபெயாம் ராஜாவுக்கு எதிராகப் பேசுகிறான். அங்கே அப்பம் புசிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது என்பது அவனுக்கு வந்த கட்டளை. ராஜா விருந்துக்குக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டான். அதன்பின் ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, "நானும் தீர்க்கதரிசிதான், தூதன் என்னிடம் பேசினான், திரும்பி வா" என்கிறான். அவன் சொன்னது பொய் என்று வேதமே சொல்லிவிடுகிறது. இவனோ போனான், சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது.

ராஜாவின் விருந்தில் விழாதவன், "கர்த்தர் சொன்னார்" என்ற வார்த்தையில் விழுந்தான். ஆகவே பிறர் சொல்லும் தீர்க்கதரிசனத்தை உறுதிப்படுத்தும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். தொடக்க ஆணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்றை அது தொடுகிறதா? 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணக் கூடாது என்றும், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் அடுத்தடுத்த வசனத்தில் சொல்கிறது. சோதிக்க அவகாசம் தராமல் தேதி குறித்து அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு காணிக்கைக் கவரும் நீட்டப்பட்டால் இன்னும் சீக்கிரம்.

சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா? வாக்குத்தத்த அட்டை, வேதத்தைத் திறந்தவுடன் கண்ணில் படும் வசனம்?

யூதாசின் இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தெரிந்தெடுத்தது அப்போஸ்தலர் 1:26. அங்கேயும் தகுதி பார்த்து இருவரை நிறுத்திய பிறகுதான் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வந்தபின், புதிய ஏற்பாட்டுச் சபை சீட்டுப் போட்டதாக ஓரிடத்திலும் இல்லை.

அடையாளம் கேட்டுக் கிதியோன் களத்தில் போட்ட ஆட்டுத்தோலை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6:14-இலேயே அவனுக்குத் தெளிவான கட்டளை கிடைத்துவிட்டது. தோலைப் போடும்போது அவனே "நீர் சொன்னபடி" என்கிறான். சித்தம் தெரியாமல் அல்ல, தெரிந்தும் தைரியம் வராமல் போட்ட தோல் அது. தேவன் அவன் பலவீனத்துக்கு இறங்கினார் என்பது அவர் பொறுமைக்குச் சான்று. நமக்கு அது வழிமுறையல்ல.

வாக்குத்தத்த அட்டை ஆறுதலுக்கு நல்லது. அதை வைத்து ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்.

நான் பிறக்குமுன் அம்மா என்னை ஊழியத்துக்கென்று பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணிவிட்டார். எனக்கு விருப்பமில்லை. சாபம் வருமா?

நம் ஊர்க் குடும்பங்களில் அடிக்கடி வரும் கேள்வி, பலர் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வியும்கூட. தாய் அன்னாளின் பொருத்தனை சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் 1 சாமுவேல் 3:7-இல், அந்தப் பையன் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று இருக்கிறது. தாயின் பொருத்தனை வேறு, தேவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வேறு. இரண்டாவதை முதலாவது உண்டாக்கிவிடாது.

அம்மா தம் பங்கைச் செய்துவிட்டார்: உங்களைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்தார். அதைக் கனப்படுத்தி, எந்தத் தொழிலில் இருந்தாலும் தேவனுக்கு உரியவராக வாழலாம். அழைப்பு இல்லாமல் பொருத்தனைக்காக இறையியல் கல்லூரியில் சேர்பவர்கள் முழுச் சபைக்கும் சுமையாகிவிடுகிறார்கள். அம்மாவிடம் போதகரையும் வைத்துக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவர் பயத்தைத் தீர்ப்பதும் உங்கள் கடமை.

விசுவாசம் இருந்தால் கணக்குப் பார்க்கலாமா? வேலையை எப்போது விடுவது?

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவர் இயேசுதான் (லூக்கா 14:28). அதுவும் சீஷத்துவத்தைப் பற்றிப் பேசும்போது. கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

முதலில் கடன். வீட்டுக் கடன், அடகில் இருக்கும் நகை, கட்டி முடிக்காத சீட்டு, நண்பருக்கு ஜாமீன் போட்டது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 644-ஆம் பிரிவு, அடைக்க முடியாத கடனுள்ளவரை நவதுறவு நிலையில் (துறவற சபையில் சேருவோரின் தொடக்கப் பயிற்சி) சேர்க்கக் கூடாது என்கிறது. மற்றச் சபைகளுக்கு இப்படி எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும் காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் ஊழியர், காணிக்கை எங்கே அதிகமோ அங்கேதான் "தேவன் நடத்துகிறார்" என்று நினைக்கத் தொடங்குவார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, மாதத் தவணை அப்படி.

அடுத்து, வீட்டுச் செலவு. உதாரணமாக வாடகை 8,000, மளிகையும் காய்கறியும் 9,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 4,000, பெற்றோர் மருந்து 3,000, மின்சாரம், போன், பெட்ரோல் 4,000 என்றால் மாதம் 28,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 1,68,000 கையிருப்பாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; விடுமுன் தனியாக எடுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்து ஊழியத்துக்கு வண்டி வாங்காதீர்கள்.

தங்கை கல்யாணம், அப்பாவின் அறுவைச் சிகிச்சை போன்றவை முன்னால் நின்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. "இது காணிக்கை" என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதும் (மாற்கு 7:11-13) இதே பிழைக்காகத்தான்.

வேலையை விடாமலே ஊழியம் செய்வது இரண்டாம் தரம் அல்ல. பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணினார் (அப்போஸ்தலர் 18:3).

கணக்கெல்லாம் சரியாகிவிட்டது, இருந்தும் பயம் விடவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?

மோசே எரிகிற முட்செடிக்கு முன் நின்று ஐந்து முறை தயங்குகிறார். நான் யார் (யாத்திராகமம் 3:11), உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் (3:13), அவர்கள் நம்பமாட்டார்களே (4:1), எனக்குத் திக்குவாய் (4:10). நான்குக்கும் தேவன் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஐந்தாவதாக, வேறு யாரையாவது அனுப்பும் என்று அர்த்தம் வரும்படி சொன்னபோதுதான் (4:13) அவருக்குக் கோபம் வருகிறது. முதல் நான்கும் கேள்விகள், ஐந்தாவது மறுப்பு. உங்கள் பயம் எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள்.

எபிரெயர் 11:8 சொல்வதும், ஆபிரகாம் போகும் இடம் இன்னதென்று "அறியாமல் புறப்பட்டுப்போனான்" என்றுதான். புறப்பட்டபோது வயது 75.

மனைவி சம்மதிக்கவில்லை.

அப்படியானால் இன்னும் நேரம் வரவில்லை. ஜெபத்துக்காகக் கொஞ்சக் காலம் பிரிந்திருக்கக்கூட இருவரின் சம்மதம் வேண்டும் என்றார் பவுல் (1 கொரிந்தியர் 7:5). வாழ்நாள் முழுவதையும் மாற்றும் முடிவுக்கு வேண்டாமா? அவர் எதிர்ப்பை "சத்துருவின் தடை" என்று பெயரிடாதீர்கள். பெரும்பாலும் அவர் கேட்பது எளிய கேள்விதான்: பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், மாதம் எவ்வளவு வரும், நான் என் வேலையை விட வேண்டுமா. அதற்கு உங்களிடம் பதில் இல்லை என்பதைத்தான் அவர் பார்த்துவிட்டார். கணவர் மறுக்க, மனைவிக்கு அழைப்பு இருந்தாலும் இதே பதில்தான்.

எங்கே படிப்பது? எத்தனை வருடம்?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் பாதை ஏறக்குறைய ஒன்று. உள்ளூர் ஆயரின் (போதகரின்) பரிந்துரை, சேகரக் கமிட்டியின் (உள்ளூர்ச் சபைக் குழுவின்) ஒப்புதல், பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் தேர்வும் நேர்காணலும், அதன்பின் இறையியல் பட்டங்கள் தரும் செராம்பூர் செனட்டோடு இணைந்த இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிப்பு. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அவற்றில் ஒன்று. வயது வரம்பும் கல்வித் தகுதியும் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். விண்ணப்பிக்குமுன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்தவுடன் ஆயர் ஆவதில்லை, இடையில் பயிற்சிக் காலமும் டீக்கன் நிலையும் உண்டு.

கத்தோலிக்கக் குருத்துவத்துக்கு மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆறு முழு ஆண்டுகளுக்குக் குறையாது. 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. துறவற சபை என்றால் நவதுறவு குறைந்தது 12 மாதம்.

சுயாதீன, பெந்தெகொஸ்தே சபைகளின் வேதாகமக் கல்லூரிகள் ஒரு வருடத்திலிருந்து நான்கு வருடம் வரை பலவிதம். சேருமுன் பழைய மாணவர் மூவரிடம் விசாரியுங்கள். ஒரே நாள் விழாவில் அங்கி போட்டுத் தரும் டாக்டர் பட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

"உடனே போகச் சொன்னாரே, படிக்க நேரம் எங்கே?" என்பவர்களுக்கு: பிரசவத்தில் உதவி கேட்டு ஒரே இரவில் மூன்று பேர் வந்து, ஆண் மருத்துவர் கூடாது என்று திரும்பிப்போக, அந்த மூன்று தாய்மாரும் இறந்ததைத் திண்டிவனத்தில் கண்ட ஐடா ஸ்கடர் அன்றே மருந்துப்பெட்டியைத் தூக்கவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899-இல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-இல் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். தரங்கம்பாடியில் 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்றது 1733-இல். இடையில் 15 வருடம். கண்காணியாகிறவன் (சபையை நடத்துகிறவன்) நூதன சீஷனாயிருக்கக் கூடாது, அதாவது விசுவாசத்துக்குப் புதியவனாயிருக்கக் கூடாது, என்பது 1 தீமோத்தேயு 3:6.

கீழ்ப்படிந்துதான் போனேன். எல்லாம் தோல்வி. அழைப்பே தவறா?

மக்கெதோனியத் தரிசனத்துக்குக் கீழ்ப்படிந்து போன பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டுக் கிடந்தார்கள். ஆக, விளைவு மோசம் என்பது மட்டும் போதாது.

அயர்லாந்தில் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் சீனாவுக்குப் போக முன்வந்தபோது உடல்நிலை காரணமாக மறுக்கப்பட்டார். 1893-இல் ஜப்பான் போனார். உடல் தாங்காமல் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. இலங்கையில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1895-இல் இந்தியா வந்தவர் 1951-இல் டோனாவூரில் மரிக்கும்வரை ஊர் திரும்பவில்லை. ஜப்பானில் நின்ற நாட்களில் கணக்கெடுத்திருந்தால் "தோல்வி" என்றே எழுதியிருப்பார்கள். அழைப்பு சரி, இடம் வேறு என்பது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் நேர்மையாகச் சரிபார்க்க வேண்டியதும் உண்டு. மொழி கற்காமல் போனீர்களா? அனுப்பிய சபையோடு தொடர்பு அறுந்ததா? கூட உழைப்பவர்களோடு ஓயாத சண்டையா? இவற்றில் ஒன்று இருந்தால் பழுது அங்கே இருக்கலாம். திரும்பி வருவது விசுவாசத் துரோகம் அல்ல.

பல வருடம் முன்பே அழைத்தார், மறுத்துவிட்டேன். இப்போது போகலாமா?

போகலாம், ஆனால் பழைய கட்டளையை அப்படியே எடுத்துக்கொண்டு அல்ல. எண்ணாகமம் 14-இல் கானானுக்குள் போக மறுத்த ஜனங்கள், மறுநாள் மனம் மாறி, "இதோ போகிறோம்" என்று மலைமேல் ஏறினார்கள். மோசே தடுத்தார், கேட்கவில்லை, ஓர்மாவரை முறியடிக்கப்பட்டார்கள். நேற்றைய கீழ்ப்படிதல் இன்றைக்குப் பிடிவாதமாகிவிட்டது. இப்போது உங்களுக்கு 55 வயது என்றால், 25-இல் கேட்ட மலைக்கிராம ஊழியம்தான் இன்றும் கட்டளையா என்று புதிதாகக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர் வி. எஸ். அசரியா. மற்றவர்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909-இல் தாமே அங்கே போனார், 35-ஆம் வயதில், தெலுங்கு கற்றுக்கொண்டு.

பாஸ்டருக்குக் கீழ்ப்படிவதும் தேவனுக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மூப்பர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபிரெயர் 13:17-ஐ, சுதந்தரத்தை (தங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட சபையாரை) இறுமாப்பாய் ஆளக் கூடாது என்று மூப்பர்களுக்குச் சொல்லும் 1 பேதுரு 5:3-ஓடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று வாயடைப்பவர்கள் தாவீதை இழுப்பார்கள். தன்னைக் கொல்லத் தேடிய, அபிஷேகம்பண்ணப்பட்ட சவுல் ராஜாவைத் தாவீது கொல்லவில்லை, உண்மை. ஆனால் அவர் ஓடித் தப்பினார். என்கேதி குகைக்கு வெளியே நின்று, எல்லார் முன்பாகவும் சவுலிடம் நியாயம் கேட்டார் (1 சாமுவேல் 24). திருமணம், வேலை, சொத்து, வங்கிக் கணக்கு இவற்றில் போதகர் ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. சபைக் கணக்கைக் கேட்பது கலகம் அல்ல.

முதலில் யாரிடம், எப்படிச் சொல்வது?

திருமணமானவரானால் வாழ்க்கைத்துணையிடம். பிறகு உங்களைக் குறைந்தது மூன்று வருடமாக அறிந்த போதகரிடமோ மூப்பரிடமோ. ஆராதனை முடிந்த நெரிசலில் வாசலில் நின்று சொல்லாதீர்கள்; ஒரு வாரநாள் மாலை நேரம் கேட்டு வாங்குங்கள். "தேவன் என்னை அழைத்துவிட்டார்" என்று ஆரம்பித்தால் அவருக்கு ஆமென் சொல்வதைத் தவிர வழியில்லை. "எனக்கு இப்படி ஒரு பாரம் இத்தனை மாதமாக இருக்கிறது, என்னிடம் நீங்கள் பார்க்கும் குறை என்ன?" என்று கேளுங்கள். நோட்டையும் எடுத்துப்போங்கள். அவர் சொல்வதை அங்கேயே மறுக்காமல் எழுதிக்கொண்டு வந்து, அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதி குறியுங்கள். முகநூலில் அறிவிப்பது அதற்கும் வெகு நாள் கழித்து.